கம்ப்யூட்டர் 'மேட்' என்றால் மேட் தானா?
செஸ் புரோகிராம்களுக்கு நாம் வைக்கும் பரீட்சை

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்)



நம் விடுதியில் செஸ் பலகை இல்லாத அறையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு வரும் வாக்குவாதம் ஆட்டத்தை விடப் பெரிது. "அந்த இடத்துல ராணியைக் கொடுத்திருந்தா மேட்டுடா!" என்பான் ஒருவன். "சும்மா அளக்காதே" என்பான் இன்னொருவன். மூன்றாமவன் செல்போனை எடுத்து நிலையை அடித்துப் பார்த்து, "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்பான். அத்தோடு வாதம் முடிந்தது.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. லேபில் ஒரு மீட்டர் 5 வோல்ட் காட்டினால் நாம் அப்படியே எழுதிக்கொள்வதில்லை. மீட்டர் சரியா, ரேஞ்ச் சரியா, இணைப்பு சரியா என்று பார்த்துவிட்டுத்தான் ரெக்கார்டு நோட்டில் ஏற்றுகிறோம். செஸ் புரோகிராம் சொன்னதை மட்டும் ஏன் சோதிக்காமல் ஏற்கிறோம்? அதைச் சோதிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. பலகை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது. சில ஊர்களில் ராணியை மந்திரி என்பார்கள். இங்கே ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன்.

1. கொஞ்சம் வரலாறு

செஸ் ஆடும் புரோகிராமை எப்படி எழுதலாம் என்று கிளாட் ஷானன் 1950-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே, 1951-ல், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் என்பவர் ஃபெரான்டி மார்க் 1 என்ற கணிப்பொறிக்கு ஒரு புரோகிராம் எழுதினார். அதற்கு முழு ஆட்டம் ஆடத் தெரியாது. 2 நகர்த்தலில் மேட் வரும் புதிரை மட்டும் விடுவிக்கும். ஒரு புதிருக்குச் சுமார் 15 நிமிஷம் பிடித்தது. ஆக, செஸ் புரோகிராம் பிறந்ததே மேட் தேடத்தான் என்று சொல்லலாம்.

1997 மே மாதம் நியூயார்க்கில் ஐ.பி.எம். நிறுவனத்தின் டீப் புளூ, காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. அது விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2006 நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய உலக சாம்பியன் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸுடன் ஆடிய இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்த்தலில் வந்த மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். (2008-ல் இதே பான் நகரில்தான் நம் ஆனந்த், கிராம்னிக்கை வென்று உலகப் பட்டத்தைத் தக்க வைத்தார்!) சாம்பியனுக்கே கண் தப்புகிறது, இயந்திரத்துக்குத் தப்பாது என்று நாம் நினைக்கிறோம். அதற்கும் தப்பும். ஆனால் தப்பும் விதம் வேறு.

2. இயந்திரம் எப்படித் தேடுகிறது?

ஒரு பக்கம் ஒருமுறை காயை நகர்த்துவதை 'அரை நகர்த்தல்' என்று வைத்துக்கொள்வோம். 3 நகர்த்தலில் மேட் என்றால் நம் பக்கம் 3, எதிரி பக்கம் 2, ஆக 5 அரை நகர்த்தல். நடு ஆட்டத்தில் ஒரு நிலையில் சராசரி 30 நகர்த்தல் இருக்கிறது என்று கொண்டால், 5 அரை நகர்த்தலுக்கு 30-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும். 2 கோடியே 43 லட்சம் வரிசைகள்!

எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. ஓட்டலில் சட்னி ஊசிப்போயிருந்தால் சாம்பார் எப்படி என்று ருசி பார்த்துக்கொண்டா இருப்போம்? அடுத்த கடைக்குப் போய்விடுவோம். அதுபோல, ஒரு நகர்த்தலுக்கு எதிரியிடம் ஒரு நல்ல பதில் இருப்பது தெரிந்ததும் அந்த நகர்த்தலை விட்டுவிடலாம். இந்த வெட்டும் முறைக்கு ஆல்ஃபா-பீட்டா என்று பெயர். நல்ல நகர்த்தலை எப்போதும் முதலில் பார்க்கும் அதிர்ஷ்டம் இருந்தால், அந்த 2 கோடியே 43 லட்சம் வெறும் 27,899 ஆகிவிடும். இந்த வெட்டில் விடை மாறாது.

ஆனால் புரோகிராம் இதோடு நிற்பதில்லை. "இந்த நகர்த்தல் உருப்படாது போலிருக்கே" என்று ஊகித்தும் வெட்டுகிறது. வேகம் வருவது அங்கேதான், தப்பு வருவதும் அங்கேதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. தேடல் ஒரு ஆழத்தில் நின்றாக வேண்டும். கடைசி அரை நகர்த்தலில் ராணி ஒரு சிப்பாயை வெட்டினால் "ஒரு புள்ளி லாபம்" என்று கணக்கு முடிந்துவிடும். அடுத்ததாக அந்த ராணியே போகப்போவது அதன் கண்ணுக்குத் தெரியாது. தொடுவானத்துக்கு அப்பால் தெரியாத கப்பல் மாதிரி. ஹான்ஸ் பெர்லினர் 1973-ல் இதற்குத் தொடுவான விளைவு என்றே பெயர் வைத்தார். அதனால்தான் இப்போதைய புரோகிராம்கள் வெட்டுக்குத்து ஓய்ந்து நிலை அமைதியாகும் வரை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் புள்ளி போடுகின்றன.

3. முதல் சோதனை நிலை

1982-ல் டேனி கோபெக், இவான் பிராட்கோ இருவரும் 24 நிலைகள் கொண்ட ஒரு பரீட்சைத் தாளை வெளியிட்டார்கள். 12 நிலைகள் தாக்குதல் தந்திரம் பற்றியவை. 12 நிலைகள் சிப்பாய்களை எப்போது தள்ளுவது என்பது பற்றியவை. ஒரு நிலைக்கு 2 நிமிஷம். அதன் முதல் கேள்வி இது:

வெள்ளை: ராஜா சி1, ராணி இ3, யானை எஃப்7, பிஷப்கள் சி4, எஃப்2, சிப்பாய்கள் ஏ2, பி2, சி2.
கறுப்பு: ராஜா பி8, ராணி டி6, யானை டி8, பிஷப் டி7, சிப்பாய்கள் ஏ7, பி7, இ5, ஜி6, எச்6.
நகர்த்த வேண்டியது கறுப்பு.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கீழே படியுங்கள்.

விடை: ராணி டி1-க்குப் போய் செக்! வெள்ளை ராஜா அதை வெட்டியே தீரவேண்டும். வேறு நகர்த்தலே கிடையாது. அடுத்து பிஷப் ஜி4-க்கு. பிஷப்பும் செக், பின்னால் இருந்த யானையும் செக். இரட்டைச் செக்கில் ராஜா நகர்ந்துதான் ஆகணும். சி1, இ1 என்று இரண்டே கட்டங்கள். எங்கே போனாலும் யானை டி1-ல் வந்து மேட்.

இப்போது எண்ணிப் பாருங்கள். தொடக்கத்தில் கறுப்புக்கு உள்ள செக்குகள் இரண்டே: ராணி டி1, ராணி டி2. டி1-ல் வெட்டிய பிறகு, டி7 பிஷப் போகக்கூடிய 9 கட்டங்களில் எங்கே போனாலும் யானையின் செக் திறக்கும். ஆனால் ஜி4 ஒன்றுதான் இரட்டைச் செக். செக்குகளை மட்டும் தேடும் சின்னப் புரோகிராம்கூட இதைக் கண் இமைக்கும் நேரத்தில் பிடித்துவிடும். செக் வந்தால் தேடலை ஒரு படி நீட்டும் புரோகிராம், திரையில் ஆழம் 3 என்று காட்டும்போதே விடை சொல்லலாம்; நீட்டாத புரோகிராமுக்கு 5 வேண்டும். எனவே இரண்டு புரோகிராம்களின் ஆழ எண்ணை வைத்து எது கெட்டி என்று சொல்லக் கூடாது. அது ஒரு மீட்டரில் மில்லிவோல்ட்டையும் இன்னொன்றில் வோல்ட்டையும் படித்து ஒப்பிடுவது போல.

4. மேட் என்பது ஒரு நிரூபணம்

டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்கு இது சுலபம். தாக்குபவர் நகர்த்தும் இடம் ஒரு ஆர் கேட். ஒரு நல்ல நகர்த்தல் இருந்தால் போதும். தற்காப்பவர் நகர்த்தும் இடம் ஒரு ஆண்டு கேட். அவருடைய எல்லாப் பதிலுக்கும் மேட் இருந்தாக வேண்டும். ஒரே ஒரு இன்புட் பூஜ்யம் ஆனாலும் அவுட்புட் பூஜ்யம்தான். மேலே உள்ள நிலைக்கு முழு நிரூபணம் 1, 1, 1, 2, 2 என்று மொத்தம் 7 நகர்த்தல்கள். ஒரு அஞ்சலட்டையில் எழுதிவிடலாம்! இந்த ஆர்-ஆண்டு மரத்தை வைத்தே மேட்டைத் தேடும் நிரூபண-எண் தேடல் என்ற முறையை 1994-ல் விக்டர் ஆலிஸ் கொடுத்தார்.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம். ஊகித்து வெட்டுவது தாக்குபவர் பக்கம் நடந்தால், இருக்கும் மேட் தவறிப்போகும். தற்காப்பவர் பக்கம் நடந்தால், இல்லாத மேட் இருப்பதாகத் தோன்றும். இரண்டாவதுதான் ஆபத்து. ஆகவே நல்ல புரோகிராம்கள், தோற்கும் பக்கத்தின் நகர்த்தல்களை ஊகத்தில் வெட்டாமல் பார்த்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட புரோகிராம் "12-ல் மேட்" என்றால் மேட் இருப்பதை அநேகமாக நம்பலாம். ஆனால் 12-தான் மிகக் குறைந்த எண் என்று நம்ப வேண்டாம், 9-லேயே இருக்கலாம். "மேட் காணோம்" என்று சொன்னால் மேட் இல்லை என்று அர்த்தமே கிடையாது. தேடிக் கிடைக்கவில்லை என்பதும் இல்லவே இல்லை என்பதும் ஒன்றா?

5. இரண்டாவது நிலை: செக்கே இல்லாத சாவி

இது பால் மார்ஃபி பெயரில் வழங்கும் பழைய புதிர்.

வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6.
கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7.
வெள்ளை நகர்த்தி 2-ல் மேட்.

வெள்ளைக்கு மொத்தம் 16 நகர்த்தல்கள். அதில் செக் ஒன்றே ஒன்று: யானை ஏ7-ல் வெட்டுவது. பிஷப் அந்த யானையை வெட்டிவிடும், கதை முடிந்தது. செக் மட்டும் தேடும் புரோகிராம் இங்கே கையை விரித்துவிடும்.

விடை, யானை ஏ6! சிப்பாயின் வாயிலேயே யானையைக் கொண்டுபோய் வைக்கிறோம். கறுப்புக்கு 7 பதில்கள் உண்டு. பி7 சிப்பாய் யானையை வெட்டினால், வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு வந்து மேட். பிஷப் தன் ஆறு கட்டங்களில் எங்கே போனாலும், யானை ஏ7-ல் வெட்டி மேட். ஏ7 சிப்பாயால் பி6-ஐ வெட்ட முடியாது. வெட்டினால் ராஜா யானைக்கு நேராக மாட்டிக்கொள்ளும்.

வேடிக்கையைப் பாருங்கள். ஏ6-ல் நிற்கும் யானை உடனடியாக எதையும் மிரட்டவில்லை. கறுப்பு சும்மா இருக்க முடிந்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் செஸ்ஸில் சும்மா இருக்க அனுமதி இல்லை. நகர்த்தினால் சாவு.

பல புரோகிராம்களில் 'வெற்று நகர்த்தல்' என்று ஒரு குறுக்குவழி உண்டு. "எதிரி ஒரு முறை சும்மா இருந்தாலும் அவனுக்கு நஷ்டம் இல்லையென்றால், என் நகர்த்தலில் சரக்கு இல்லை" என்று அந்தக் கிளையையே வெட்டிவிடுவது. பெரும்பாலான நிலைகளில் இது அபாரமாக வேலை செய்கிறது. ஆனால் இந்த மாதிரி நிலையில், சாவி நகர்த்தலையே அது தூக்கி எறிந்துவிடக்கூடும். வழக்கமான பாதுகாப்பு, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சியிருக்கும் பக்கத்துக்கு இந்தக் குறுக்குவழியை நிறுத்துவது. இங்கே கறுப்பிடம் ஒரு பிஷப் இருப்பதால் அந்தப் பூட்டும் விழாது! 2 நகர்த்தல் புதிர் என்பதால் இன்றைய புரோகிராம் எப்படியும் நொடியில் சமாளித்துவிடும். இதே குணம் 10, 15 நகர்த்தல் ஆழத்தில் ஒளிந்திருந்தால்தான் திணறும். செஸ் புரோகிராம் எழுதும் நண்பர்கள் இந்த நிலையை முதல் நாளே கொடுத்துப் பாருங்கள்.

6. சோதனை விதிகள்

லேபில் எப்படியோ அப்படியே இங்கும்.

ஒன்று: முதலில் கேள்வித்தாளைச் சோதியுங்கள். ஃபிரெட் ரைன்ஃபெல்டின் 300 நிலைகள் கொண்ட 'வின் அட் செஸ்' புத்தகத்தை வெகுகாலமாகப் புரோகிராம்களுக்குப் பரீட்சையாக வைக்கிறார்கள். அதில் சில நிலைகளுக்கு வேறு விடையும் உண்டு என்று பின்னால் கம்ப்யூட்டர்களே காட்டின. விடைத்தாளில் தப்பு இருந்தால் மாணவனை ஃபெயில் போடுவது நியாயமா?

இரண்டு: எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே இயந்திரம், ஒரே அளவு நினைவகம், ஒரே நேரம். ஒரு நிலை முடிந்ததும் நினைவக அட்டவணையை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முந்தைய நிலையில் பார்த்தது அடுத்த நிலைக்குக் கசியும்.

மூன்று: ஒரே திரெடில் ஓட்டுங்கள். பல திரெடுகளில் ஓடினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரம் வரும். திரும்பச் செய்தால் அதே ரீடிங் வராத சோதனை சோதனையே அல்ல.

நான்கு: நேரத்தோடு, பார்த்த நிலைகளின் எண்ணிக்கையையும் குறியுங்கள். என் செல்போனும் உங்கள் லேப்டாப்பும் ஒரே வேகத்தில் ஓடாது. எண்ணிக்கையை ஒப்பிடலாம்.

ஐந்து: தொடக்க ஆட்டப் புத்தகத்தையும் இறுதி ஆட்ட அட்டவணையையும் நிறுத்தி வையுங்கள். 7 காய்கள் வரை உள்ள எல்லா நிலைகளுக்கும் விடை கணக்கிட்டாகிவிட்டது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 2012-ல் முடித்தார்கள். மேலே உள்ள மார்ஃபி புதிரில் எண்ணிப் பாருங்கள், சரியாக 7 காய்கள்! அட்டவணையைத் திறந்து வைத்தால் அது புத்தகத்தைப் பார்த்துப் பரீட்சை எழுதுவது மாதிரி.

ஆறு: பொய்க் கேள்விகளையும் சேருங்கள். இதை யாரும் செய்வதில்லை, ஆனால் மிக அவசியம். எல்லா விடையும் "ராணியைக் கொடு" என்றே இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு ராணியைக் கொடுக்கிறவன் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவான். முதல் நிலையில் வெள்ளையின் சி2 சிப்பாயை சி3-க்கு மாற்றி வையுங்கள். இப்போது இரட்டைச் செக் கொடுத்தாலும் ராஜா சி2 வழியாகத் தப்பிவிடும். கறுப்பு ராணியை இழந்ததுதான் மிச்சம். இரண்டாவது நிலையில் கறுப்புக்கு எச்7-ல் ஒரு சிப்பாயை வையுங்கள். அதை நகர்த்தி ஒரு முறை சும்மா இருந்த மாதிரி ஆகிவிடும். 2-ல் மேட் காணாமல் போகும். அசல், போலி இரண்டிலும் சரியாகச் சொல்லும் புரோகிராமுக்குத்தான் விஷயம் தெரியும்.

7. மதிப்பெண் போடுவது

"சரி, தப்பு" என்று இரண்டே கட்டம் போடாதீர்கள். ரெக்கார்டு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்:

அ) முழுத் தீர்வு: சரியான நகர்த்தல், சரியான எண்ணில் மேட் அறிவிப்பு, கடைசி வரை மாறவில்லை.
ஆ) நீண்ட மேட்: மேட் உண்டு, ஆனால் சுற்றி வளைத்து.
இ) நகர்த்தல் மட்டும் சரி: மேட் தெரியாமல், வெறும் புள்ளிக் கணக்கில் பிடித்தது.
ஈ) வந்து போனது: நடுவில் கண்டுபிடித்து, பிறகு மனம் மாறியது.
உ) தவறு.

நேரம் குறிக்கும்போது விடை முதன்முதலில் எட்டிப் பார்த்த நேரத்தை எழுதக் கூடாது. அதற்குப் பிறகு விடை மாறவே இல்லை என்ற நேரத்தைத்தான் எழுத வேண்டும். 'இ' வகையை 'அ' என்று எழுதுவது, வைவாவில் பக்கத்து மாணவன் சொன்ன விடையைத் திருப்பிச் சொன்னவனுக்கு முழு மார்க் போடுவது போல.

8. கெட்டிக்காரப் புரோகிராம் ஏன் புதிரில் திணறுகிறது?

ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவசப் புரோகிராம் 2008-ல் வந்தது. அதில் ஒரு மாற்றம் செய்தால், 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டில் பழையதும் புதியதும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்துத்தான் ஏற்பார்கள். புதிரை விடுவித்ததா என்பது அங்கே கேள்வியே அல்ல; ஆட்டத்தில் ஜெயித்ததா என்பதே கேள்வி. ஒரு யானை அதிகமாக வைத்துக்கொண்டு நிதானமாக ஜெயிப்பதும், 14-ல் மேட் போடுவதும் பாயிண்ட் அட்டவணையில் ஒன்றுதான். எனவே அபூர்வமான மேட்டை விட்டுவிட்டு அன்றாட நிலைகளில் ஆழமாகப் போவது அதற்கு லாபம். மேட் தேடுவதற்கென்றே எழுதிய புரோகிராம் வேறு ரகம். அது மேட்டில் கெட்டி, ஆட்டத்தில் சோப்ளாங்கி. எந்த வேலைக்கு எந்தக் கருவி என்று தெரிந்து எடுப்பதுதானே டெக்னீஷியனுக்கு அழகு?

முடிவாக

நண்பர்களே, இது செஸ்ஸுக்கு மட்டும் உள்ள பாடமல்ல. நாளைக்கு நாம் தொழிற்சாலையிலோ ஆபீஸிலோ உட்காரும்போது, திரையில் ஒரு விடை வரும். "கம்ப்யூட்டர் சொல்லிடுச்சு" என்று கையெழுத்துப் போடலாம். அல்லது, "எந்தக் கேள்விக்குச் சொன்னது? எதை வெட்டிவிட்டுச் சொன்னது? போலிக் கேள்வி கொடுத்தால் என்ன சொல்லும்?" என்று கேட்கலாம். முதலாமவர் ஆபரேட்டர், இரண்டாமவர் இன்ஜினியர்.

பரீட்சை லீவில் செய்ய ஒரு வேலை தருகிறேன். இலவசமாகக் கிடைக்கும் இரண்டு புரோகிராம்கள், மேலே சொன்ன இரண்டு அசல் நிலைகள், இரண்டு போலிகள், கூடவே நீங்களே தேடிச் சேர்த்த இருபது நிலைகள். ஐந்து கட்ட அட்டவணை போட்டு நிரப்புங்கள். மேட் என்று இயந்திரம் சொன்ன ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் தற்காப்புப் பக்கம் உட்கார்ந்து, எல்லாப் பதிலையும் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். ஏழு பதில் இருந்தால் ஏழையும்! ஆறோடு நிறுத்திவிட்டால் அது நிரூபணம் ஆகாது.